நோய்க்கே தடை, நோயாளிக்கு அன்று

எச்.ஐ.வி. கிருமி தானாகப் பெருகும் ஆற்றல் அற்றது. மனித உயிரணுவினுள் புகுந்தே அது தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது. அதற்கான கட்டளை ஆர்.என்.ஏ. இழையில் எழுத்துவரிசைபோல் அமைந்துள்ளது. அவ்வரிசையோடு பொருந்தும் சிறு டி.என்.ஏ. இழையைச் செயற்கையாக ஆக்கிச் செலுத்தினால், அது கட்டளையைப் பற்றிச் செயலறச் செய்யும்.

அமெரிக்க அறிஞர் பால் சமெக்னிக், மேரி ஸ்டீபன்சன் இருவரும் 1978-இல் கோழிக்கருவின் உயிரணுக்களில் புற்றுநோய்க் கிருமியொன்றை இவ்வாறு தடுத்தனர். 1986-இல், எழுபது வயதைக் கடந்த சமெக்னிக்கும் குழுவினரும் ஆய்வுக்கூட உயிரணுக்களில் எச்.ஐ.வி.யையும் தடுத்துக் காட்டினர். எச்.ஐ.வி.க்கு இம்முறை மருந்தாக நிலைபெறவில்லை. இன்று வேறு மருந்துகளே அதனை அடக்குகின்றன. ஆயினும், எய்ட்ஸ் நோயாளரின் கண்பார்வையைப் பறித்த வேறொரு கிருமிக்கு, இவ்வழியில் பிறந்த முதல் மருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இழையின் இலக்கு கிருமியின் கட்டளையே, உயிரணு அன்று. இதுவே நம் சிந்தைக்குரியது. நோயில் பூசுதல் வழங்கச் சென்ற இல்லமொன்றில், நோயாளியின் தட்டும் குவளையும் திண்ணையில் ஒதுக்கப்பட்டிருக்கக் கண்டோம். அவரது கண்ணீர் நோயினால் வந்ததன்று. ஒரே பந்தியில் உண்பதாலும், அருகமர்ந்து செபிப்பதாலும் இந்நோய் தொற்றாது. தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரின் பிள்ளைகள் நாம். நோயைத் தடுப்போம், நோயுற்றோரை அணைப்போம்.