இரண்டு தாத்தாக்கள், இரண்டு தேசங்கள்

எழுபதுகளில் காரைக்காலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லை என்றால் என்னவென்று யாரும் வரைபடத்தை விரித்துச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாகூர் கந்தூரிக்குப் புறப்பட்டால் வாஞ்சூர் செக்போஸ்ட்டில் பஸ் நின்றுவிடும். தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம்; புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில் இல்லை. போலீஸ்காரர் ஏறி ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்ப்பார். எங்கள் அப்பாயி முறுக்குத் தூக்கைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டும். “நல்லா பாத்துக்குங்க தம்பி, பாட்டில் இல்ல. வேணும்னா ரெண்டு எடுத்துக்குங்க.” பஸ்ஸே சிரிக்கும்.

அந்த எல்லைக்கு விதை 1739இல் விழுந்தது. தஞ்சாவூர் மராட்டிய அரண்மனையில் அரியணைச் சண்டை. அரியணைக்குப் போட்டியிட்ட சாகுஜிக்குப் பணமும் ஆயுதமும் தேவைப்பட்டன. புதுச்சேரி கவர்னர் துய்மாவுக்குக் காவிரி நெல் விளைகிற பக்கத்தில் ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. காரைக்காலைத் தருவதாக வாக்குக் கொடுத்த சாகுஜி, அரியணை கிடைத்ததும் இழுத்தடித்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு நட்பான சந்தா சாகிபின் படை ஊரைப் பிடித்து அவர்களிடம் ஒப்படைத்தது. அரசலாற்று முகத்துவாரத்தில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

எங்கள் தாத்தா நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. கடற்கரை மணலில் உட்கார்ந்து வடக்கே கை காட்டுவார்: “அது தரங்கம்பாடி, டேனிஷ்காரன்.” தெற்கே காட்டுவார்: “அது நாகப்பட்டினம், டச்சுக்காரன். நடுவுல நம்ம ஊரு, பிரெஞ்சுக்காரன். எல்லாரும் வந்தது யாவாரத்துக்குத்தான்டா.” தரங்கம்பாடியும் நாகப்பட்டினமும் பிற்பாடு இங்கிலீஷ்காரன் கைக்குப் போயின. காரைக்காலும் தப்பவில்லை. 1760இல் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள். கடைசியாக 1817இல்தான் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் நிலையாக வந்தது. இந்த இழுபறியில் கோட்டை போய்விட்டது. நாங்கள் ஓடி விளையாட ஒரு மதில்கூட மிஞ்சவில்லை.

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மஞ்சள் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் பிரெஞ்சு ஆட்சி மிஞ்சியதெல்லாம் லெமேர் வீதி மாதிரி சில தெருப்பெயர்களிலும், வீட்டுப் பரண்களில் இருந்த தகரப் பெட்டிகளிலும்தான். எங்கள் வீட்டுப் பெட்டி சின்னத் தாத்தாவுடையது.

சின்னத் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போய் வந்தவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஜூலை 14 வந்தால் விடியற்காலையிலேயே வீடு அமர்க்களப்படும். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை கொடியில் விறைத்துக்கொண்டு தொங்கும். அப்பாயி குத்துவிளக்குக்கு ஊறவைத்த புளியில் பாதியை எடுத்துப்போய் அவர் மெடலைத் தேய்ப்பார். நீலம், வெள்ளை, சிவப்பு ரிப்பனில் புளித்தண்ணீர் பட்டுவிடாமல் அதைச் சுண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்வது என் வேலை. பிறகு சின்னத் தாத்தா மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு, போர்வீரர் நினைவுத்தூணுக்கு நடந்தே போவார். திரும்பி வரும்போது எங்களுக்குப் பிஸ்கட் பொட்டலம் நிச்சயம்.

மெடலுக்கு அடியில் காகிதங்கள் இருக்கும். பிறப்புப் பத்திரம், பென்ஷன் புத்தகம், சீல் குத்திய கடிதங்கள், எல்லாம் பிரெஞ்சில். பழுப்பேறிய தாளில் சாய்ந்த கையெழுத்து. மடிப்பு விட்டுப்போன இடத்தில் சோற்றுப் பசையால் ஒட்டிய டிஷ்யூ தாள். தொட்டால் திட்டு விழும்.

அந்தக் காகிதங்களின் அருமை வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1954 அக்டோபரில் புதுச்சேரிப் பக்கத்துக் கீழூரில் பிரெஞ்சுப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சு நேஷனாலிட்டி வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இதே பேச்சுத்தான் என்று அப்பா சொல்வார். “அவன் சோத்தத் தின்னுருக்கேன் அண்ணே, எழுதிக் குடுத்துடுறேன்” என்றாராம் சின்னத் தாத்தா. “எனக்குச் சோறு போட்டது காவேரித் தண்ணி, நான் எதுக்கு எழுதணும்?” என்றாராம் தாத்தா. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட அண்ணன் தம்பி, வேறு வேறு நாட்டுப் பிரஜைகள் ஆனார்கள். சண்டையில்லை. ஆனால் விளைவு தலைமுறைக்கும் நின்றது. சின்னத் தாத்தாவின் பிள்ளைகள் பாரிஸ் போனார்கள். நாங்கள் பேரளம் ரயிலில் கல்லூரிக்குப் போனோம். 1898இல் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வந்த அந்த ரயிலும் எண்பதுகளில் நின்றது.

காகிதம் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது எங்கள் வீட்டில் மட்டுமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே துறைமுகத்திலிருந்து ரெயூனியனுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் ஏராளம். அவர்களும் ஒரு தாளை நம்பித்தான் போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்கள் வாரிசுகளுக்கு ஊர்ப்பெயர் தெரியும். தெருவும் உறவும் தெரியாது.

2022 ஏப்ரலில் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலும் வாக்குச்சாவடி இருந்தது. கொடி இறங்கி இத்தனை காலமாகியும் இந்தக் கணக்கு முடியவில்லை. அதனால் காரைக்கால் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டில் கிடக்கும் பிரெஞ்சுக் காகிதங்களை, படிக்கத் தெரியவில்லை என்று பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். படியெடுத்து வையுங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு யார் யார் என்று தமிழில் எழுதி வையுங்கள். நம் ஊர் வரலாற்றுக்குக் கோட்டை இல்லை. இருக்கிற சாட்சி அவைதான்.