முன்பாரமும் பின்பாரமும்

இருபது ஆண்டுகளாக உயர்தர வகுப்பு மாணவருக்குப் பௌதிகவியல் கற்பித்து வருகின்றோம். விசையின் திருப்பம் என்னும் பாடத்தைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதி அழித்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட எமக்கே அந்தப் பாடத்தை மீண்டும் படிப்பித்தது பொத்துவில் வீதியோரத்து மணற்கரை ஒன்று என்றால் வாசகர்கள் நகைப்பார்கள். நகைக்கட்டும். எமது மாணவர்கள் ஏற்கெனவே நகைத்து முடித்துவிட்டார்கள்.

நாம் காரைதீவில் வசிப்பவர். வீட்டில் ஒரு பழைய ஜீப் நிற்கின்றது. 1980களின் பிற்பகுதியில் யப்பானிற் செய்யப்பட்ட பெரிய வண்டி. ஏழு பேர் தாராளமாக இருக்கலாம். மாமனார் வயல் பார்த்துவர வைத்திருந்தது. அவர் காலத்தின் பின் எம்மிடம் வந்து சேர்ந்தது. விற்றுவிடலாம் என்று நினைத்திருந்த வேளையில், 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரி வரையில் தனியார் வாகனங்களுக்கு வழி திறக்கவேயில்லை. எனவே ஊரிலுள்ள பழைய வண்டிகளுக்கெல்லாம் திடீரென்று மதிப்பு உண்டாயிற்று. எமது ஜீப்பும் தப்பிப் பிழைத்தது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அது மாதக்கணக்காக வேப்பமரத்தின் கீழ் உறங்கிக் கிடந்தது. இடம் இருக்கின்றதென்று வீட்டார் அதற்குள் விதைநெல் மூட்டைகளை அடுக்கினர். பின்புறத்து வில்லுப் பட்டைகள் வளைவு குன்றி மட்டமாகியதை நாம் அப்போது கவனிக்கவில்லை.

சென்ற கச்சான் காலத்தில் ஒருநாள், மருதமுனையிலிருந்து எமது பழைய மாணவர் ஒருவர் வந்தார். படிப்பிற் கெட்டிக்காரர்தான். ஆனால் 2004 டிசம்பர் 26ஆந் திகதி அவருடைய வாப்பாவின் படகைக் கடல் கொண்டுபோன பின்னர் புத்தகத்தை மூடிவிட்டுப் பிறர் படகிற் கூலிக்குப் போகலானார். இப்போது, மனைவியின் நகைகளை அடகு வைத்து, பொத்துவிலில் ஒரு பழைய கண்ணாடியிழைப் படகை, எஞ்சினும் வலையும் சேர்த்து வாங்கியிருக்கின்றாராம். அறியாத எஞ்சினை நம்பிக் கடல்வழியே கொண்டுவர மனம் வரவில்லை. ரெயிலர் ஒன்று இரவலாகக் கிடைத்திருக்கின்றது. இழுத்துவர ஜீப் வேண்டும்.

“சேர், வாடகை தாறன்” என்றார்.

“வாடகையைப் பிறகு பார்ப்போம், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் புறப்படுவோம்” என்றோம்.

அவருடைய ஒன்பது வயது மகனும் உடன் வந்தான். முதன்முதலாகத் தம் குடும்பத்துக்குச் சொந்தமாக வரும் படகை நேரிற் கண்டு அழைத்துவர வேண்டும் என்பது அவன் பிடிவாதம்.

பொத்துவிலிற் படகை ரெயிலரில் ஏற்றியபோது எஞ்சின் அதன் வழக்கமான இடத்தில், அதாவது படகின் பின்னணியத்திலேயே தொங்கிற்று. வலைகளையும் நங்கூரத்தையும் அதன் பக்கத்திலேயே போட்டார்கள். நாம் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். கயிறு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றதா என்று ஆராய்ந்தோமேயன்றி, பாரம் எங்கே இருக்கின்றது என்று ஆராயவில்லை.

கோமாரியைத் தாண்டியதும் வீதி நேராகவும் வெறுமையாகவும் நீண்டது. மேற்கிலிருந்து கச்சான் காற்று பக்கவாட்டில் மோதிற்று. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகம் இருக்கும். முதலில் ஜீப்பின் பின்புறம் மெல்ல ஒருமுறை அசைந்தது. யாரோ பின்னிருந்து தோளைத் தொட்டுக் கூப்பிடுவது போன்ற ஓர் அசைவு. அடுத்தது அதனினும் பெரிது. மூன்றாவது அசைவில் கண்ணாடியிற் படகின் ஒரு பக்கம் முழுவதும் தெரிந்தது. நாயின் வால் ஆடினால் நாய்க்கு ஒன்றுமில்லை; இங்கோ வால் நாயை ஆட்டத் தொடங்கிற்று. நாம் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தோம்.

செய்யத் தகாதது அதுவே. ரெயிலருக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. முன்னால் ஜீப் தயங்க, பின்னால் அத்தனை பாரமும் சரிவாக வந்து முட்டும். இத்தகைய வேளையிற் காலை எண்ணெய் மிதியிலிருந்து எடுத்து, திசைமாற்றியை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுவதே முறை. வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கிவிடும். இவையெல்லாம் இப்போது நிதானமாக எழுத வருகின்றன. அன்று ஜீப் இடப்பக்கத்து மணலில் இறங்கி, ரெயிலர் எமக்குக் குறுக்கே திரும்பி நின்றபோது, பின்னாசனத்திலிருந்த சிறுவன் அழவுமில்லை, பேசவுமில்லை. அவனுடைய தகப்பனார் கதவைத் திறந்து இறங்கி, முதலில் மகனைத் தடவிப் பார்த்தார். அடுத்துப் படகைத் தடவிப் பார்த்தார். எம்மை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து அக்கரைப்பற்றை அடைந்து, தெரிந்த ஒருவரின் நெல் ஆலை வளவிற் படகை ரெயிலரோடு விட்டுவிட்டு வீடு வந்தோம். மனைவியிடம் சொன்னோம். 2024 நவம்பர் வெள்ளத்தில் மதரஸா மாணவர்களோடு வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது எமது ஊரையும் மாவடிப்பள்ளியையும் இணைக்கும் வீதியிலேதான். அதன் காரணம் வேறு, இதன் காரணம் வேறு. ஆயினும் அன்று முதல் எமது வீட்டில், இழுத்துச் செல்லும் எந்த வண்டியிலும் பிள்ளைகள் என்ற பேச்சுக்கே இடமில்லை. “ஜீப்பை வித்திடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாட் காலை சாய்ந்தமருதிலுள்ள ஒரு சிறிய கராஜுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். அதன் உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். எல்லாரும் காக்கா என்றே அழைப்பார்கள், நாமும் அப்படியே. நோயாளி தன் நோய்க்குத் தானே மருந்து எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போவதுபோல நாம் போனோம்.

“காக்கா, பின் பிளேட் செத்துப்போச்சு. பக்கத்துக்கு மூன்று பிளேட் கூட்டிப் போடுங்கள். ஷொக்கும் புதிதாக, பாரமானதாகப் போடுங்கள்.”

அவர் வண்டியின் கீழே புகுந்து, கம்பி ஒன்றினால் அங்குமிங்கும் நெம்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“பிளேட் மட்டமாத்தான் இரிக்கி சேர். ஷொக்கில எண்ணெய் ஒழுகுது. புஷ்ஷெல்லாம் தேஞ்சு போச்சு. எல்லாம் செய்யத்தான் வேணும். ஆனா ஒண்டு கேக்கன்; போட்டுல எஞ்சின் எங்க இரிந்த?”

சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, அதுவே எமக்குப் பெரிய ஆறுதல்.

அவருடைய வாப்பா வண்டில்காரராம். அறுவடைக் காலத்தில் மேற்கே வயல்வெளிகளிலிருந்து கல்முனைக்கு நெல் ஏற்றிவருவாராம். மூட்டை அடுக்கும்போது மகனைக் கூப்பிட்டு நுகத்தடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுவாராம். சிறுபிள்ளையால் தூக்க முடியாத அளவு கனமாயிருந்தால் முன்பாரம் அதிகம்; மாட்டின் கழுத்துப் புண்ணாகும். விரலால் தூக்கினாலே எழுந்துவிட்டால் பின்பாரம். ஏற்றத்தில் நுகம் மேலெழுந்து பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், வண்டில் இரு பக்கமும் அலையும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு உண்டு. “கொஞ்சம் முன்பாரம் இரிக்கோணும் சேர். அப்பதான் வண்டில் மாட்டுக்குப் பின்னால வரும். இல்லாட்டி மாடு வண்டிலுக்குப் பின்னால போகும்.”

எழுதப் படிக்க மட்டுமே தெரிந்த அம்மனிதர் சொன்னதை நாம் எமது மொழியிற் சொல்வதானால் இவ்வளவுதான்: ரெயிலரின் அச்சுக்குப் பின்னாலுள்ள திணிவு அதிகமாயின், காற்றோ பள்ளமோ பக்கவாட்டிலே தரும் ஒரு சிறு தட்டலும் ஊசலாட்டமாக வளரும், வேகம் ஏற ஏற அந்த ஆட்டத்தை அடக்கும் தன்மை குன்றி, ஒரு வேகத்துக்கு மேல் அறவே இல்லாமற் போகும். ரெயிலரின் மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு இழுக்கும் வண்டியின் கொளுவியில் இருத்தல் வேண்டும் என்று மேனாட்டு நூல்கள் கூறுவதும் இதனையே.

மூன்று பிளேட் போடுவதற்கு அவர் இணங்கவில்லை. பக்கத்துக்கு ஒன்று போதும் என்றார். அளவுக்கு மிஞ்சிப் பின்புறம் விறைத்தால் வெறும் வண்டி குதிக்கும். மழை நாளில் வளைவிற் பின்சில்லு பிடியை விட்டு வழுக்கும். பழைய பட்டைகளைக் கழற்றி மீண்டும் வளைவு கொடுத்து, ஒவ்வொன்று கூட்டி, பட்டையின் நுனிகளிலுள்ள றப்பர் புஷ்களை மாற்றினார். இந்தப் புஷ்களை நாம் அற்பமாக எண்ணியிருந்தோம். அவை தேய்ந்தால் பின்அச்சு முழுவதுமே வண்டியின் கீழ் இப்படியும் அப்படியும் நகருமாம். ரெயிலர் ஆட்டுவதற்கு முன்பே வண்டி தானாக ஆட ஆயத்தமாயிருக்கும். புதிய ஷொக் அப்சோபர்கள் கொழும்பிலிருந்து வர நான்கு நாட்கள் ஆயின. பட்டை அதிர்ச்சியை வாங்கிச் சேமித்து வைக்கின்றது. திருப்பிக் கொடுக்கும்போது அதனை அணைப்பது ஷொக். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் புதுப்பிப்பதிற் பயன் குறைவு.

அந்த நான்கு நாட்களுள் ஒருநாள் வகுப்பில் இதனையே கணக்காகக் கொடுத்தோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2.7 மீற்றர், பின் அச்சிலிருந்து கொளுவி 1.2 மீற்றர் பின்னால். கொளுவியில் 90 கிலோ இறங்கினால் அச்சுக்களின் பாரம் எவ்வாறு மாறும்? விரைவில் விடை வந்தது: முன் அச்சில் 40 கிலோ குறையும், பின் அச்சில் 90 அன்று, 130 கிலோ கூடும். தராசுத் தண்டுபோல முன்புறம் எழும். திசைமாற்றும் சில்லுகள் பாரம் இழக்கும். இரவில் விளக்கொளி எதிரே வருபவர் கண்ணிற் குத்துவதும் இதனால்தான்.

அப்போது மூன்றாவது வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். “சேர், புது பிளேட் போட்டுப் பின்பக்கத்தை உயர்த்தினால் அந்த 40 கிலோ முன்னுக்குத் திரும்பி வருமா?”

வரும் என்று சொல்ல வாயைத் திறந்தோம். நல்ல வேளையாகக் கையிற் சோக்குக்கட்டி இருந்தது, எழுதிப் பார்த்தோம். வராது. பட்டை எவ்வளவு விறைப்பானாலும் விசைகளின் தூரம் மாறுவதில்லை. ஆகவே திருப்பமும் மாறுவதில்லை. வண்டி மட்டமாக நிற்கும், பட்டை மேலும் அமுங்க இடமிருக்கும், விளக்கு நேராகும், புதிய ஷொக்கின் உதவியால் அசைவு விரைவில் அடங்கும். இவை யாவும் பெரிய நன்மைகளே. ஆனால் முன்சில்லு இழந்த பாரம் இழந்ததுதான். அதனை மீட்பதற்கு அமெரிக்காவிற் கொளுவியிலேயே நீண்ட வில்லுத் தண்டுகளைப் பொருத்தி, பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை ரெயிலரின் அச்சுக்கும் நெம்பிக் கொடுக்கின்றார்கள். 1970இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் வண்டியின் பின்புறத்தில், பாரம் ஏறினால் தானே மட்டத்தைச் சரிசெய்யும் ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அதுவுங்கூட உயரத்தைத்தான் சரிசெய்தது. இத்தனையும் அறிந்தும், மூன்று பிளேட் போட்டாற் குற்றமெல்லாம் தீர்ந்துவிடும் என்று கராஜில் நின்று வாதாடியவர் நாமே.

ஞாயிறன்று காக்காவும் எம்மோடு அக்கரைப்பற்றுக்கு வந்தார். கூலிக்காக அன்று, பார்க்கவேண்டும் என்றார். நெல் ஆலையின் பெரிய தராசில் ரெயிலரும் படகும் சேர்ந்து 720 கிலோ. ரெயிலரின் மூக்கை நெல் நிறுக்கும் மேடைத் தராசில் வைத்தோம். 15 கிலோ. நூற்றுக்கு இரண்டு பங்கு! காக்கா ஒரு விரலை அதன் கீழே கொடுத்துத் தூக்கிக் காட்டினார். நாம் எல்லாரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எஞ்சின் 50 கிலோ. அதனைக் கழற்றி, எண்ணெயை வடித்து, சாக்குச் சுற்றி ஜீப்பினுள் கட்டினோம். வலைகளையும் நங்கூரத்தையும் அச்சுக்குச் சற்று முன்னே நகர்த்தினோம். மீண்டும் நிறுத்தபோது மொத்தம் 670, மூக்கில் 76. காக்கா நுகத்தடியைத் தூக்குவதுபோலக் குனிந்து தூக்கிப் பார்த்து, “இது போதும்” என்றார். தராசைப் பார்க்கவில்லை. பின் டயர்களுக்கு 30 இறாத்தலாயிருந்த காற்றை 36 ஆக்கினோம்.

புறப்படும்போது ஒரு சிக்கல் எழுந்தது. சிறுவன் வந்திருந்தான். வரவேண்டாம் என்று சொல்லியிருந்தோம், தகப்பனாரும் சொல்லியிருந்தாராம். எமது வீட்டில் இட்ட கட்டளையை நினைத்து, அவனை ஆலைக்காரரின் மோட்டார்ச் சைக்கிளில் முன்னே அனுப்பலாம் என்றோம். மாணவர் சற்று நேரம் யோசித்தார்.

“சேர்தானே ஓட்டுறீங்க” என்றார்.

இதற்குமேற் கடுமையாக எவரும் எம்மைக் கண்டித்ததில்லை.

மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற் போகவில்லை. அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. வயல்வெளி திறந்த இடங்களிற் கச்சான் முன்போலவே மோதிற்று. ரெயிலர் ஒருமுறை அசைந்து, அடுத்த கணமே அடங்கி, பின்னால் வந்தது. காக்கா வீதியைப் பார்க்கவேயில்லை. தலையைச் சரித்து, தாம் போட்ட பிளேட்டின் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தார். சிறுவன் முழங்காலிட்டு ஆசனத்தில் ஏறிப் பின்கண்ணாடி வழியே படகைப் பார்த்தபடி வந்தான். காரைதீவில் எமது வீட்டு வாசலைக் கடக்கும்போது மனைவி படலையில் நின்றார். நாம் கையசைத்தோம். அவர் எம்மைப் பார்க்கவில்லை; பின்னால் வந்த படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருதமுனைக் கடற்கரையில் அஸர் தொழுகைக்கு முன்பே படகை இறக்கினோம். காக்கா கொளுவியைத் துடைத்துக் கிறீஸ் பூசிவிட்டு, பக்கத்துப் பள்ளிக்குப் புறப்பட்டார். போகிறபோது திரும்பி, புதிய பிளேட் 500 கிலோமீற்றர் ஓடியதும் ஆணிகளை மீண்டும் ஒருமுறை இறுக்கவேண்டும், மறந்துவிடக் கூடாது என்றார். இன்னும் 180 ஓடவேண்டியிருக்கின்றது.