சுவர் இல்லாத வீட்டுக்குப் பாய்தான் சுவர்

பட்டணத்துல இப்போ கட்டுற அடுக்குமாடி வீடுகள்ல கதவத் திறந்தா சோபா, சாப்பாட்டு மேசை, அடுப்பு மேடை எல்லாம் ஒரே பார்வையில தெரியுது. நடுவுல சுவர் கிடையாது. எது எங்க முடியுதுன்னு காட்டத்தான் ஆளுக்கொரு கார்ப்பெட் விரிக்கிறாங்க.

எங்களுக்கு இது புதுசு இல்லீங்க. விக்கிரவாண்டி பக்கம் பழைய கூரை வீடு முக்காவாசி ஒரே அறைதான். பாய் விரிச்ச இடம் அந்தந்த நேரத்துக்கு ஒரு அறை. காலையில பிள்ளைங்க படிக்கிற இடம், மத்தியானம் விருந்தாளி உட்காருற இடம், ராத்திரி படுக்கை. சுருட்டி மூலையில சாத்திட்டா அங்கயே நெல் மூட்டை அடுக்கலாம்.

சென்னையில என் மக வீட்டுல ரோமம் வச்ச கார்ப்பெட் போட்டிருந்தாங்க. பேரனுக்கு இளைப்பு. தூசியெல்லாம் அந்த ரோமத்துக்குள்ள தங்கிக்கும், எடுத்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். எடுத்ததும் ஹால் பொட்டல் மாதிரி இருக்குன்னு மக வருத்தப்பட்டா. "பாய் போடும்மா"ன்னேன். "ஃபிளாட்டுல பாயாப்பா?"ன்னு சிரிச்சா.

ஏன் போடக் கூடாது? திண்டிவனம் போய் பஸ் மாறினா வந்தவாசி. கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். நெல்லு வயல்ல கிழங்கு விட்டு எங்க உசுர வாங்குதே, அந்தக் கோரை வேற. பாய்க் கோரை உயரமா வளரும். ஆத்தோரத்துல பயிராவே வைக்கிறாங்க. அறுத்து, கீறி, காயவச்சு, சாயம் ஏத்தி நெய்யுறாங்க. தெற்க பத்தமடையில பட்டு மாதிரி மெல்லிசா நெய்வாங்க. கல்யாணப் பாய்ல பொண்ணு மாப்பிள்ளை பேரையே நெய்து கொடுப்பாங்க.

மெத்துனு வேணும்னா பவானி ஜமக்காளம் இருக்கு. கெட்டிப் பருத்தி நூல், பட்டை பட்டையா நிறம். 2005-06லயே புவிசார் குறியீடு வாங்கினது. ஜமக்காளத்தைக் கைத்தறியிலதான் நெய்யணும்னு 1985ல சட்டமே போட்டிருக்காங்க. ஆனா விசைத்தறி சரக்கு மலிவா வந்து நிக்குது. வாங்குறவங்க கைத்தறியான்னு கேட்டு வாங்கினாத்தான் அந்தச் சட்டத்துக்கு உசுரு.

மக வீட்டுல நாங்க போட்ட விதம் இது. சோபா முன்னாடி ஜமக்காளம்; சோபாவோட முன்காலு ரெண்டும் அதுமேல ஏறி நிக்கணும். சின்னதா வாங்கி நடுவுல போட்டா கைக்குட்டை விழுந்து கிடக்கிற மாதிரி இருக்கும். சாப்பாட்டு மேசைக்குக் கீழ கோரைப்பாய். நாற்காலியப் பின்னால இழுத்தாலும் பாயவிட்டு இறங்காத அளவு. சாதம் சிந்தினா துடைச்சு எடுத்துடலாம். சுத்தி ஒரு முழமாவது தரை தெரியட்டும். டைல்ஸ்ல வழுக்கும், அதனால அடியில ரப்பர் வலை போடுங்க.

கோரைப்பாய ஊற வைக்காதீங்க, பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணியால துடைச்சு, அப்பப்போ வெயில் காட்டுங்க. மடிக்காதீங்க, கோரை உடையும், சுருட்டி வைங்க. ஜமக்காளத்தைத் துவைச்சுக் கொடியில போட்டாப் போதும்.

இன்னொண்ணு. வீட்டுல கூடுதலா ஒரு பாய் சுருட்டி வச்சுக்கோங்க. ஊர்லேர்ந்து வர்ற பெரியவங்களுக்கு அந்தப் பெரிய ஹால்ல எங்க உட்காருறது, எங்க படுக்கிறதுன்னே புரியாது. "இங்க உட்காருங்க"ன்னு ஒரு பாய விரிச்சுப் பாருங்க, அது அவங்க இடமாயிடும்.