சொல்லாமல் செய்த வேலை

என் பழைய கைப்பேசி விழிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. எந்த நிறுவனத்தது என்பது இருக்கட்டும். "பழசானால் அப்படித்தான், புதிது வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர்.

நண்பர்களே! 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்ட செய்தி ஒன்றுண்டு. மின்கலம் தேய்ந்த சில ஐபோன்களின் வேகத்தை, மென்பொருள் வழியாக அந்நிறுவனமே குறைத்து வைத்திருந்ததாம். திடீரென்று அணைந்துவிடாமல் காப்பதற்காம்! மின்கலம் தேய்வது வேதியியல். அதன்மேல் எனக்குக் கோபமில்லை. காசு கொடுத்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மின்கலத்தை மட்டும் மாற்றிக்கொண்டு பிழைத்திருப்பானே! புதியதற்குக் கடன் வாங்கியிருக்க மாட்டானே!

குட்டு வெளிப்பட்ட பிறகுதான் அமெரிக்காவில் மின்கலம் மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராக இறங்கியது. 2020இல் பிரான்சு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குச் சொல்லாமல் விட்டதே அங்கே குற்றமாக எழுதப்பட்டது.