முல்லைவாயிலில் ஒரு மாலை

பிரயாணக் கட்டுரை என்றால் காசியைப் பற்றியோ காஷ்மீரத்தைப் பற்றியோதான் இருக்கவேண்டும் என்று எண்ணும் நேயர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் போய் வந்தது, சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய திருமுல்லைவாயிலுக்கு. இவ்வளவு சமீபத்தில் இருந்தும் இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. என் பழைய சிநேகிதர் ஒருவர் அங்கே இருக்கிறார். திருவல்லிக்கேணியில் ஒரே அறையில் ஐந்து வருஷம் குடியிருந்தவர்கள் நாங்கள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உத்தியோகம் கிடைத்து அவர் மேற்கே போனார்; நான் தெற்கே போனேன். பட்டணத்தில் ஒரு சிநேகம் அறுந்து போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அவருடைய மனைவியாருக்குத் தேக அசௌக்கியம் என்று வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் புறப்பட்டேன். சௌக்கியமாக இருந்த காலத்தில் போகாதவன் இப்போது எந்த முகத்துடன் போவது என்ற கூச்சம் சென்ட்ரலிலிருந்தே என்னுடன் ஏறிக்கொண்டது.

இந்த ரயில் பாதை சாமானியமானதல்ல. 1856-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி இந்த வழியாகத்தான் சென்றது. இன்று பெரம்பூரையும் வில்லிவாக்கத்தையும் தாண்டினால் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் என்று ஊருக்கு ஊர் இடைவெளி இல்லாமல் வீடுகள். ஏரிகள் மட்டும் நடுநடுவே, எஞ்சியமட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ஆவடி என்பது ஊர்ப் பெயரே அல்லவென்றும், பட்டாளத்து டாங்கி சாலையின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதலெழுத்துக்கள் சேர்ந்து உண்டானதென்றும் எனக்கு விளக்கினார். அந்தத் தொழிற்சாலை ஏற்பட்டது 1961-இல். அதற்கு ஆறு வருஷம் முந்தி, 1955 ஜனவரியிலேயே, காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடி, சோஷலிஸ மாதிரியான சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்தது. ஆகவே பெயர் முந்தி, டாங்கி பிந்தி என்று அவருடன் வாதாடினேன். போவதற்குத் தயங்கும் இடத்துக்குப் போகும்போது மனம் இப்படித்தான் வேண்டாத விசாரணைகளில் புகுந்துகொள்ளும்.

சிநேகிதர் வாசலிலேயே நின்றிருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. "வா, வா. ரயிலில் கூட்டமா?" என்றார். இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அவர் கேட்டது அவ்வளவுதான். அவருக்குச் சொல்வதற்காக வில்லிவாக்கத்திலிருந்து நான் சேகரித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகளும் அப்படியே உள்ளே தங்கிவிட்டன.

அந்த அம்மாள் எழுந்து வந்து தாமே காப்பி கொண்டுவந்து வைத்தார். முன்பு கலகலவென்று பேசுவார். இப்போது முகம் மட்டும் பழைய முகமாக இருந்தது. இடது கையில், முழங்கைக்குக் கீழே, நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், ரத்தத்தை இயந்திரத்தின் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்கிறார்கள். 'டயாலிஸிஸ்' என்ற சொல் இப்போது நம் வீடுகளில் சகஜமாகிவிட்டது. அதன் விவரங்கள் அவ்வளவு சகஜமாகவில்லை. கழிவை வெளியேற்ற வழி இல்லாதபடியால் உள்ளே போகும் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. காப்பி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. எனக்கு டம்ளர் நிறைய வந்தது. அவர் தமக்கு ஒரு சிறு கிண்ணத்தில் இரண்டு வாய் ஊற்றிக்கொண்டார். நான் குடிக்கத் தயங்கியதைப் பார்த்து, "ஆறிப்போகும், குடியுங்கள் அண்ணா" என்றார்.

பிறகு மழையைப் பற்றிப் பேசினோம். மனை விலையைப் பற்றிப் பேசினோம். திருவல்லிக்கேணியில் எங்கள் அறைக்குக் கீழே இருந்த ஓட்டல் மூடிப்போனதைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். கடைசியில் அந்த அம்மாளே, "இவரைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போங்கள் அண்ணா. ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போய் நாளாகிறது" என்று எங்களை அனுப்பிவைத்தார்.

மாசிலாமணீசுவரர் ஆலயம் பழமையான ஸ்தலம். தொண்டைமான் குறும்பரோடு போரிட வந்தபோது யானையின் கால்களை முல்லைக்கொடி பின்னிக்கொண்டதென்றும், கொடியை வாளால் வெட்டப்போக, மண்ணிலிருந்து ரத்தம் பீறிட்டு உள்ளே லிங்கம் தென்பட்டதென்றும் ஸ்தல புராணம் கூறுகிறது. சந்நிதியில் இரண்டு எருக்கந் தூண்கள் நிற்கின்றன. நந்தி சுவாமியைப் பார்க்காமல், அரசனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட பாவனையில் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வாள் பட்ட காயம் குளிர்வதற்காகச் சுவாமிக்கு வருஷம் முழுதும் சந்தனக் காப்பு; சித்திரைச் சதயத்தில் ஒரு தடவைதான் அதைக் களைகிறார்கள்.

"இந்த ஊரில் சுவாமியே வைத்தியத்தில் இருக்கிறார். அவரிடம் போய் நாம் என்னத்தைக் கேட்பது?" என்றார் சிநேகிதர். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

பிராகாரத்தில் உட்கார்ந்தோம். இங்கே கேட்டவர் ஒருவர் உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று சபதம் செய்து மணந்த சுந்தரர், வசந்தம் வந்ததும் திருவாரூரை நினைத்துக்கொண்டு அவ்வூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. பார்வையில்லாமல் நடந்து அவர் வந்து சேர்ந்த இடம் இது. தம்பிரான் தோழர் என்று பேர் வாங்கினவர் அல்லவா? பழைய தோழனிடம் வந்து முறையிட்டுப் பதிகம் பாடினார். ஆனால் இங்கே அவருக்கு ஏதும் கிடைத்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. அடுத்துப் போன திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. அந்தப் பழைய கோயில்கூட இன்று இல்லை. சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்த காலத்தில் 1940-இல் அஸ்திவாரமிட்டு, 1944-இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தில் அது மூழ்கிவிட்டது. பட்டணத்துக் குழாய்களுக்காகத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, வேறிடத்தில் புதிதாக எழுந்தது. சுந்தரருக்கு இடக்கண் காஞ்சியிலும், வலக்கண் திருவாரூரிலும்தான் திரும்பின. திருவாரூரிலோ பரவையார் கதவைத் திறக்க மறுத்து, அதற்குத் தோழரே இரண்டு தடவை தூது நடக்க வேண்டியிருந்தது. முல்லைவாயிலில் நடந்ததெல்லாம், ஒருவர் வந்தார், சொன்னார், மற்றவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவே.

இதையெல்லாம் நான் சிநேகிதரிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் நந்தியின் முதுகைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தோம். விளக்கு ஏற்றினார்கள்.

எழுந்திருக்கும்போது அவர் வேஷ்டியைத் தட்டிக்கொண்டே, "நேற்று ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். முழு டம்ளர். நான் கொடுக்கவில்லை" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஸ்டேஷன் வரையில் கூட வந்தார். வண்டி வர ஐந்து நிமிஷம் இருந்தது.

"மறுபடி ஆஸ்பத்திரிக்கு எப்போது?" என்று கேட்டேன்.

"புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு."

"நானும் வருகிறேன்."

"உள்ளே விடமாட்டார்கள். வெளியே நாற்காலியில் நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மின்விசிறிகூடச் சரியாகச் சுற்றாது."

"திருவல்லிக்கேணியில் மட்டும் சுற்றியதா?" என்றேன்.

ஆவடிப் பக்கத்திலிருந்து வண்டி வந்துகொண்டிருந்தது. "ஆறரைக்கே வந்துவிடு. நாற்காலி கிடைக்காது" என்றார்.