ஊர்ச் சுவையும் உம்மாவின் கையளவும்

ஓர் ஊரை அறிந்துகொள்ள வழிகள் பல உண்டு. அவ்வூரின் கல்வெட்டுகளைப் படிக்கலாம். கோயிலையும் பள்ளிவாசலையும் சென்று காணலாம். முதியோர் வாய்மொழியாகக் கூறும் செய்திகளைக் கேட்கலாம். ஆயினும், அவ்வூரார் அன்றாடம் எதை உண்கின்றனர், விருந்தினர் வந்தால் எதைப் படைக்கின்றனர் என்பதை அறியாதவரை நம் அறிவு வாசலிலேயே நின்றுவிடுகிறது. பத்துப்பாட்டுள் வரும் ஆற்றுப்படை நூல்களைப் பயின்றோர் இதனை நன்கு உணர்வர். பரிசில் பெறச் செல்லும் பாணன் கடந்து போகும் நிலம் மாறும்தோறும் அவன் முன் வைக்கப்படும் உணவும் மாறுகிறது. நிலத்தை அடுப்பங்கரையின் வழியே காட்டும் இந்த முறை தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று.

நாங்கள் நால்வர், திருநெல்வேலியைச் சார்ந்து வாழும் ஆசிரியர்கள். துறையால் வேறுபட்டவர்கள், சமயத்தாலும் பிறந்த ஊராலும் வேறுபட்டவர்கள். எங்களுள் ஒருவர் புலால் உண்ணாதவர். வார விடுமுறை நாள்களில் அருகிலுள்ள ஊர்களுக்குச் சென்று அவ்வூர்க்கே உரிய உணவை உண்டு, இரவுக்குள் வீடு திரும்புவதைப் பல ஆண்டுகளாக வழக்கமாகக் கொண்டுள்ளோம். போகும் ஊரில் வாங்கும் பண்டத்தில் ஒரு பொட்டலம் தவறாமல் காயல்பட்டினத்திற்குச் செல்லும். எங்களுள் ஒருவரின் தாயார் அங்கே வாழ்கிறார். நால்வருமே அவரை ‘உம்மா’ என்றுதான் அழைப்போம். எண்பது வயதைக் கடந்த அப்பெருமாட்டி உணவகம் ஒன்றின் படியைக்கூட மிதித்தறியாதவர். ஆனால், நாங்கள் கொண்டு செல்லும் பண்டத்தை விரல் நுனியால் எடுத்து நாவில் வைத்த மாத்திரத்திலேயே அது எப்படிச் செய்யப்பட்டது என்று கூறிவிடும் ஆற்றல் அவருக்கு உண்டு.

முதலில் எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மாலை வேளையில் அல்வாவுக்காக நிற்கும் கூட்டத்தை அறியாதார் இலர். மங்கிய விளக்கொளியில் வணிகம் நடந்தமையால் ‘இருட்டுக்கடை’ என்னும் பெயர் அக்கடைக்கு நிலைத்துவிட்டது. கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, அப்பாலைத் தெளியவைத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து நெடுநேரம் கிண்டி எடுப்பதே அல்வா. தாமிரவருணி நீரே அதன் சுவைக்குக் காரணம் என்பது ஊராரின் நம்பிக்கை. இனிப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘ஹல்வா’ என்பதே தமிழில் ‘அல்வா’ ஆயிற்று. அரபு நாட்டுப் பெயர், வயல்வெளிக் கோதுமை, பொருநை நீர், சிவன் கோயில் வாசல் ஆகிய யாவும் ஒரு வாழையிலைத் துண்டில் வந்து கூடுகின்றன. நல்லிணக்கத்துக்கு இதைவிட இனிய சான்று வேறு வேண்டுமோ?

சாரல் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பயணம் மேற்கு நோக்கி அமையும். குற்றால அருவியில் நீராடியபின் எழும் பசி, சொல்லில் அடங்காத பசி. செங்கோட்டைப் பக்கம் சென்றால் சிறிய, மெல்லிய பரோட்டாக்களும், வற்றல் மிளகாய் மணக்கும் நாட்டுக்கோழிக் கறியும் வாழையிலையில் வந்து விழும். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் திருத்தப்படும்வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. மலைக்கு அப்பாலுள்ள தேங்காயெண்ணெய் மணத்தையும் இப்பாலுள்ள மிளகாய்க் காரத்தையும் அங்கே ஒரே இலையில் காணலாம். எல்லைக் கோடு வரைபடத்தில் இருக்கிறது, நாவில் இல்லை. புலால் உண்ணாத நண்பர்க்கு மட்டும் அன்று தோசைதான். அவர் அதற்காக வருந்தியதில்லை. நெல்லைச் சைவ இல்லங்களில் மறுவீட்டு விருந்துக்கென்றே சமைக்கப்படும் சொதியை, தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் காய்களும் சேர்ந்த அந்தச் சாற்றை, இஞ்சிப் பச்சடியோடு தம் வீட்டில் எங்களுக்குப் படைத்து அவர் கணக்கைச் சரிசெய்துவிடுவார்.

வடக்கே சென்றால் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் வரவேற்கும். கரிசல் மண்ணில் விளைந்த கடலையை வறுத்துத் தோல் நீக்கி, பதமாகக் காய்ச்சிய வெல்லப்பாகில் சேர்த்து, பாகு இறுகுமுன் பரப்பி வெட்டவேண்டும். பாகு ஒரு கணம் முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். ஒரு கணம் பிந்தினால் பல்லை உடைக்கும். பால்கோவாவோ பொறுமையின் மறுபெயர். பாலும் சர்க்கரையும் அன்றி அதில் வேறொன்றும் இல்லை. துடுப்பு ஓயாமல் சுழலவேண்டும், அவ்வளவே. பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டிலும் கடலைமிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பண்டத்தின் பெயரும் பெருமையும் அது பிறந்த மண்ணுக்கே உரியவை என்று சட்டம் ஏற்றுக்கொள்வதே இக்குறியீட்டின் பொருள்.

கிழக்கே தூத்துக்குடி. அங்குள்ள அடுமனைகளில் முட்டையின் மஞ்சட்கருவை நீக்கி, வெண்கருவைச் சர்க்கரையுடன் நுரைக்க அடித்து, முந்திரிப் பொடியைக் கலந்து, சிறு கோபுரங்களைப் போல் பிழிந்து சுட்டெடுக்கின்றனர். அதுவே ‘மக்ரூன்’. ஐரோப்பியர் வாதுமையைக் கொண்டு செய்த பண்டம், முத்துக்குளித்துறையில் முந்திரியைக் கொண்டு செய்யும் பண்டமாக உருமாறிற்று. அந்த முந்திரியும் பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துகீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்ததுதான். சாத்தான்குளத்தை அடுத்துள்ள முதலூர், 1799-ஆம் ஆண்டில் கிறித்தவக் குடியிருப்பாகத் தோன்றிய சிற்றூர். அவ்வூரின் மஸ்கோத் அல்வாவில் நெய் சேர்ப்பதில்லை. தேங்காய்ப் பால் காய்ந்து காய்ந்து தன் எண்ணெயைத் தானே விட, அந்த எண்ணெயிலேயே அல்வா திரண்டு வருகிறது.

முதன்முறை இந்த அல்வாவை உம்மாவிடம் கொடுத்தபோது அதன் பெயரையோ ஊரையோ நாங்கள் சொல்லவில்லை. சிறிதளவு வாயிலிட்டுக் கண்மூடி இருந்தார். பின்பு, “நெய் இல்லை வாப்பா. தேங்காய் எண்ணெய் விட்டிருக்கு. தலைப்பால்தான் ஊத்தியிருக்கான், தண்ணிப்பால் ஊத்தினா இந்த வழுவழுப்பு வராது” என்றார். எந்த ஆய்வுக்கூடம் இதைவிட விரைவாக விடை கூறும்? செங்கோட்டையிலிருந்து மட்டும் நாங்கள் எதையும் கொண்டு சென்றதில்லை. ஆறிப்போன பரோட்டாவைக் கொண்டு வருவதைவிட வெறுங்கையோடு வருவதே மரியாதை என்பது உம்மாவின் தீர்ப்பு.

திருச்செந்தூர் செல்லும் புகைவண்டியில் ஏறினால் காயல்பட்டினத்தில் இறங்கிவிடலாம். மார்க்கோ போலோவின் பயணக் குறிப்புகளில் காயல் துறைமுகமும் அங்கே வந்திறங்கிய குதிரைகளும் பேசப்படுகின்றன. கடல் வாணிகத்தால் வளர்ந்த அப்பகுதியின் உணவிலும் கடலுக்கு அப்பாலிருந்து வந்த மணம் உண்டு. திருமண வீட்டில் களறிக் கறியும் சோறும் நிறைந்த ஒரே தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்பர். அங்கே செல்வர், வறியர் என்னும் வேறுபாடு இல்லை. ஒருவர் கை மற்றவர் பங்கை நோக்கி நகர்த்துமேயன்றித் தன் பக்கம் இழுக்காது. இது விருந்து மட்டுமன்று, ஒழுக்கப் பயிற்சியுமாகும்.

உம்மாவின் கைவண்ணம் இரண்டு இனிப்புகளில் சிறந்து விளங்கும். ஒன்று தம்மடை. ரவை, முட்டை, சர்க்கரை, நெய் ஆகியவற்றைக் கலந்து பாத்திரத்தில் ஊற்றி, கீழே அனலும் மூடியின்மேல் அனலுமாக இட்டு, மேலும் கீழும் ஒருசேர வேகவைப்பது. மின் அடுப்பு வருமுன்பே நம் வீட்டுப் பெண்கள் கண்ட அடுமனை அது. மற்றொன்று வட்டிலப்பம். தேங்காய்ப் பால், முட்டை, கருப்பட்டி, ஏலம் ஆகியவை சேர்ந்து நீராவியில் வெந்து எழுவது. இலங்கை முஸ்லிம்களின் பெருநாள் காலையும் இதே வட்டிலப்பத்துடன்தான் விடிகிறது. வணிகக் கப்பல்கள் சரக்கை மட்டுமா ஏற்றிச் சென்றன? சமையலறைகளையும் அல்லவா இணைத்தன!

வட்டிலப்பத்துக்கு உடன்குடிக் கருப்பட்டிதான் வேண்டும் என்பதில் உம்மா விட்டுக்கொடுப்பதே இல்லை. சுண்ணாம்பு தடவிய கலயங்களில் பதனீர் இறக்கி, அன்றே காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி இறுகச் செய்வது கருப்பட்டி. அதற்கும் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. ஆயினும், பனை ஏறுவோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். சர்க்கரை கலந்த போலிகளும் சந்தையில் உலவுகின்றன. நாங்கள் வாங்கிச் செல்லும் கருப்பட்டியை உம்மா உடைத்து, உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மணந்து பார்த்த பிறகே அடுப்பு மூட்டச் சொல்வார்.

அவ்வாறிருக்க, அவர் கண்ணில் புரை வளர்ந்தது. அறுவை செய்த பின்னும் பார்வை முன்போல் தெளியவில்லை. வலக்கையில் நடுக்கமும் தொடங்கியது. கருப்பட்டியின் நிறத்தைக் காணவும் முட்டையை அடிக்கவும் அவரால் இயலாத நாள் நெருங்குகிறது என்பதை அவரும் உணர்ந்தார், நாங்களும் உணர்ந்தோம். கடைப் பண்டங்களுக்குச் சட்டக் காப்பு உண்டு, கூட்டுறவுச் சங்கம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு. இந்த அடுப்பங்கரைக்கு யார் காப்பு? அளவு என்ன என்று கேட்டால், “கண்ணளவுதான் வாப்பா, இதுக்கு எதுக்குத் தராசு?” என்பதே அவருடைய விடை. கண்ணே மங்கும்போது கண்ணளவு எங்கே நிற்கும்?

ஆதலால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எந்த ஊருக்கும் செல்லாமல் தராசும் அளவுக் குவளையும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு காயல்பட்டினம் சென்றோம். உம்மா வழக்கம்போல் கையால் அள்ளினார். அவர் அள்ளிய ஒவ்வொன்றையும் பாத்திரத்தில் விழுமுன் அவருடைய பேத்தி வாங்கி நிறுத்தாள், நாங்கள் எழுதினோம். முட்டை பத்து; பொடித்த கருப்பட்டி நானூறு கிராம்; இரண்டு தேங்காயின் தலைப்பால், ஏறத்தாழ நானூறு மில்லி; ஏலம் ஆறு; உப்பு இரு விரல் நுனியில் ஏறும் அளவு. கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டி, ஆறியபின்னரே முட்டையில் சேர்க்கவேண்டும். சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். கலவையை மீண்டும் ஒருமுறை வடிகட்டி, மூடிய பாத்திரத்தில், தணிந்த ஆவியில் முக்கால் மணி நேரம் வேகவைக்கவேண்டும். “ஆவி ஓங்கினால் அப்பம் ஓட்டை ஓட்டையாகிவிடும்” என்றார் உம்மா. எந்த அளவுக் குவளையிலும் அடங்காத அந்த வாக்கியத்தைத்தான் முதலில் அடிக்கோடிட்டோம்.

அடுத்த வாரம் உம்மா அடுப்பருகே வரவில்லை. குறிப்பேட்டைப் பார்த்துப் பேத்தியே தனியாகச் செய்தாள். வேதியியல் பயிலும் அப்பெண் அதுவரை வெந்நீர் மட்டுமே வைத்தறிந்தவள் என்பது வீட்டார் கேலி. அப்பம் ஆறியதும் முதல் துண்டை உம்மாவின் கையில் வைத்தாள். எங்கள் பொட்டலங்களைச் சுவைத்தது போலவே கண்மூடி இருந்தார். ஒருவரும் பேசவில்லை. பிறகு, “ஏலம் ஒன்று கூட விழுந்திருக்கு” என்றார். நாங்கள் எண்ணிப் பார்த்தோம். ஏழு ஏலத்தோடு கிடந்தது அம்மிக் கல்லருகில். அடுத்து அவர், “மற்றதெல்லாம் என் உம்மா செய்தது போலவே இருக்கு” என்றார். தம்முடையதைப் போல் என்று அவர் கூறவில்லை. அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று: அவர் காத்து வந்ததும் அவருடையதன்று, அவர் பெற்றுக் கைமாற்றிய அமானிதம்.

மாணவச் செல்வங்களே! நல்ல உணவகங்களை நாடிச் செல்லுங்கள், தவறில்லை. ஊர்தோறும் சென்று அவ்வூரின் சுவையை அறியுங்கள்; அதுவும் கல்வியே. கடலைமிட்டாயையும் பால்கோவாவையும் அந்தந்த ஊரிலேயே விலை கொடுத்து வாங்கி, உழைப்போரின் அடுப்பு அணையாமல் காத்திடுங்கள். ஆனால், உங்கள் வீட்டிலும் ஒரு பண்டம் இருக்கும். பாட்டி செய்யும் பணியாரமோ, பெரியம்மா கிண்டும் களியோ, உம்மாவின் தம்மடையோ, அதற்கு எந்த அலுவலகமும் குறியீடு வழங்கப்போவதில்லை. ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் ஒரு பிற்பகலும் இருந்தால் நீங்களே வழங்கலாம். எழுதும்போது அளவுகளை மட்டும் எழுதாதீர்கள். அவர்கள் இடையிடையே சொல்வதையும் எழுதுங்கள். ஆண்மக்களும் எழுதுக, எழுதியதைத் தாமே ஒருமுறை சமைத்தும் பார்த்திடுக. முட்டையைக் கால் மணி நேரம் கையால் அடித்துப் பார்த்தவர், அடுத்த பெருநாளில் தட்டை நீட்டும்போது ஒரு சொல் நன்றியும் சேர்த்தே நீட்டுவார்.