சேவை செய்யத்தானே வந்தீங்க?

ஈப்போவில் ஒரு சிறு தொண்டு அமைப்பில் வேலை. பெயர் வேண்டாம். சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களிடம், "முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் இ.பி.எஃப் சேமநிதி கட்டணும்" என்று சொல்லித் திரிவோம். எங்களுக்கே அது பல மாதம் தள்ளித்தான் விழும். கேட்டால் நிர்வாகத்தின் பதில், "சேவை செய்யத்தானே வந்தீங்க?"

நன்கொடையாளர்கள் திட்டத்துக்குத் தருவார்கள், சம்பளம் என்றால் முகம் சுளிப்பார்கள். அதற்கு நிர்வாகத்தைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் எங்களிடம் கணக்கை மறைத்ததுதான் எங்களை உடைத்தது.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. ஐந்து பேருக்கும் குறைவான இடங்களுக்கு ஆகஸ்டு வரை அவகாசம். நாங்கள் நாலு பேர். அந்த ஒரு விதியை மட்டும் நிர்வாகம் வரிவரியாகப் படித்திருந்தது!

ஆகஸ்டிலும் ஏறவில்லை. தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தோம். பாரம் நிரப்புவது எங்களுக்குப் பழகிய வேலை.